மூடிய வாயிலும் வளையாத கோலும்

(பொதுக்கூட்டச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கண்ணகி கதையை எத்தனை மேடைகளிலே கேட்டிருக்கிறீர்கள்! கையிலே ஒற்றைச் சிலம்பு, கண்ணிலே கனல், விரித்த கூந்தல், வெந்த உள்ளம்! பாண்டியன் அவையிலே அவள் சிலம்பை உடைக்கிறாள், பரல் தெறிக்கிறது, மன்னன் மயங்கி வீழ்கிறான். கொட்டகையே கரவொலியால் அதிர்கிறது. ஆனால் அதற்கு முன்னே ஒரு சிறு காட்சி உண்டு. அதற்கு யாரும் கைதட்டுவதில்லை. வாயிற்காவலன் உள்ளே ஓடுகிறான். வெளியே ஒருத்தி வந்து நிற்கிறாள் என்கிறான். வரச் சொல் என்கிறான் மன்னன். கதவு திறக்கிறது!

கதவு திறந்திராவிட்டால்? காவலன் அவளை வழிமறித்து, "அம்மையே! இது நெருக்கடி வேளை, மன்னனைக் கேள்வி கேட்கும் உரிமை இப்போது எவர்க்குமில்லை, திரும்பிப் போ!" என்று விரட்டியிருந்தால்? சிலம்பு உடைந்திருக்குமா? உண்மை தெரிந்திருக்குமா? கோவலன் கள்வனாகவே மாண்டிருப்பான். பாண்டியன் நீதிமானாகவே வாழ்ந்திருப்பான்!

கோவலனை வெட்டியவன் ஒரு காவலன். குற்றம் சாட்டியவன் ஒரு பொற்கொல்லன். கட்டளையிட்டவன் மன்னன். இம்மூவர்க்கும் இடையே இருந்திருக்க வேண்டிய ஒன்று இல்லாமற்போயிற்று. அதுதான் விசாரணை. எந்தக் குற்றத்துக்காக என் கணவனைப் பிடித்தாய், காரணம் காட்டு என்றுதானே அவள் கேட்டாள்? அந்தக் கேள்விக்கு இன்றைய சட்ட உலகிலே ஆட்கொணர் மனு என்று பெயர். பிடித்து வைத்த ஆளை நீதிமன்றத்தின் முன் கொண்டு வா. எந்தச் சட்டப்படி பிடித்தாய், காட்டு. காட்ட முடியாவிட்டால் விட்டுவிடு. இவ்வளவுதான் அந்த மனு. ஏழைக்கும் உரியது, எதிரிக்கும் உரியது.

அந்தக் கதவை 1976ஆம் ஆண்டு ஏப்ரல் 28ஆம் நாள் இந்திய நாட்டின் உச்ச நீதிமன்றமே சாத்திற்று! ஐவர் அமர்ந்திருந்தனர். நால்வர் சாத்தினர். ஒருவர் மட்டும் மறுத்தார். அந்த ஒருவரின் பெயர் ஹன்ஸ் ராஜ் கன்னா. அவர் கதையைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

நான் சட்டம் பயின்றவனல்லன். கல்லூரியைப் பாதியிலே விட்டுவிட்டு மேடைக்கு வந்தவன். ஆகவே பிரிவையும் உட்பிரிவையும் அடுக்கி உங்களை அயர வைக்கமாட்டேன். நாடகம் எழுதுபவனுக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒருவன் என்ன பேசினான் என்பதை மட்டும் பார்க்கமாட்டான். பேசினால் எதை இழப்பான் என்பதையும் பார்ப்பான். அந்தக் கண்கொண்டுதான் இந்த நீதிபதியை நான் பார்க்கிறேன். நீங்களும் பாருங்கள்.

1912ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் பஞ்சாபிலே, அமிர்தசரஸ் நகரிலே பிறந்தார் கன்னா. தந்தை வழக்கறிஞர். பிள்ளைக்கு ஏழு வயது நிரம்புமுன்னே, 1919 ஏப்ரலிலே, அந்த ஊர் எதைக் கண்டது என்று உங்களுக்குத் தெரியும். விசாரணையின்றி எவரையும் அடைத்து வைக்க வழி செய்த ரௌலட் சட்டத்தை நாடே எதிர்த்து நின்ற நேரம். ஏப்ரல் 10ஆம் நாள் அந்நகரத் தலைவர்கள் இருவர், டாக்டர் கிச்சலுவும் டாக்டர் சத்தியபாலும், வழக்குமின்றி விசாரணையுமின்றி ஊரைவிட்டே கொண்டுபோகப்பட்டனர். ஊர் கொதித்தது. மூன்றே நாளில் ஜாலியன்வாலாபாக்!

அந்தப் பெயரைக் கேட்டதும் துப்பாக்கிதான் நம் நினைவுக்கு வருகிறது. துப்பாக்கிக்கு முன்னே ஒரு சட்டம் நடந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறோம். காரணம் கேட்காமல் ஆளைப் பிடிக்கலாம் என்று முதலில் எழுதினார்கள். காரணம் கேட்காமல் ஆளைச் சுடலாம் என்பது அதன் மறுபக்கத்திலே தானாக எழுதப்பட்டுவிட்டது. அந்த ஊரிலே வளர்ந்த பிள்ளை, லாகூரிலே சட்டம் படித்து, பிறந்த ஊருக்கே திரும்பி வழக்கறிஞரானார்.

அதன்பின் அவர் வாழ்க்கையைப் பார்த்தால் நாடகக்காரனுக்கு ஏமாற்றம்தான். போராட்டக் களமில்லை, பொதுமேடையில்லை, புயலில்லை. பெரும்பாலும் சொத்து வழக்கு, கடன் வழக்கு. 1952இலே மாவட்ட நீதிபதி. 1962இலே பஞ்சாப் உயர்நீதிமன்ற நீதிபதி. 1966இலே டில்லிக்கு உயர்நீதிமன்றம் வந்தபோது அங்கே. 1969இலே அதன் தலைமை நீதிபதி. 1971 செப்டம்பரிலே உச்ச நீதிமன்றம். ஏணிப்படியிலே ஒவ்வொரு படியாகக் கால் வைத்து ஏறிய மனிதர். அவசரமாக ஏறியவருமல்லர், யார் தோளிலும் ஏறியவருமல்லர்.

இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பிற்காலத்திலே அவர் காட்டிய துணிவு பிறவிப் போராளியின் துணிவன்று. கோப்பைப் படித்து, வாதத்தைக் கேட்டு, மனம் ஒப்பியதை எழுதி, மாலையிலே வீடு திரும்பிய சாதாரண மனிதரின் துணிவு. சாதாரண மனிதர்க்கும் அது கைகூடும் என்பதாலேதான் இந்தக் கதை நமக்கு வேண்டியிருக்கிறது.

உச்ச நீதிமன்றத்திலே அவருக்கு முதற் சோதனை 1973இலே வந்தது. கேரளத்துக் காசர்கோட்டின் எடநீர் மடத்துத் தலைவர் கேசவானந்த பாரதி தொடுத்த வழக்கு. நிலச் சீர்திருத்தத்தையொட்டி எழுந்த அந்த வழக்கு, நாடாளுமன்றம் அரசியல் சட்டத்தை எந்த அளவுக்குத் திருத்தலாம் என்ற பெருங்கேள்வியாக வளர்ந்தது. பதின்மூன்று நீதிபதிகள், அறுபத்தெட்டு நாள் விசாரணை. ஏப்ரல் 24 அன்று தீர்ப்பு. ஒருபுறம் ஆறு பேர். மறுபுறம் ஆறு பேர். துலாக்கோலின் நடு முள்ளாக நின்றவர் கன்னா.

அவர் என்ன சொன்னார்? சொத்துரிமை அசைக்க முடியாத அடிப்படை என்று வாதிட்டவர்களோடு அவர் சேரவில்லை. மக்கள் நலனுக்காக அரசியல் சட்டத்தைத் திருத்தும் அதிகாரம் நாடாளுமன்றத்துக்கு உண்டு என்றார். அதே மூச்சிலே, திருத்துவது வேறு, தீர்த்துக் கட்டுவது வேறு என்றார். என் தொழிலை வைத்துச் சொல்கிறேன்: ஒரு நாடகத்திலே காட்சியை மாற்றலாம், வசனத்தைச் சீராக்கலாம், பாத்திரத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். ஆனால் கதையையே தூக்கி எறிந்துவிட்டு, வேறொரு கதையை அதே பெயரிலே அரங்கேற்றினால் அதைத் திருத்தம் என்று யார் சொல்வார்? அரசியல் சட்டத்தின் அடிப்படைக் கட்டமைப்பு என்று இன்று நாடெங்கும் பேசப்படுகிறதே, அது அன்று ஏழுக்கு ஆறு என்ற கணக்கிலே, ஒற்றை ஆளின் பக்கத்தால் நிலைபெற்றது.

தீர்ப்பின் மை உலரவில்லை. மத்திய அரசின் மறுமொழி வந்தது. தலைமை நீதிபதி ஓய்வு பெற்றால் அடுத்த மூத்தவர் அவ்விடத்துக்கு வருவது மரபு. அந்த மரபு வெட்டப்பட்டது. ஷெலட், ஹெக்டே, குரோவர் என்ற மூத்தவர் மூவரும் தாண்டப்பட்டு, நான்காம் இடத்திலிருந்த ஏ. என். ரே தலைமை நீதிபதியாக்கப்பட்டார். தாண்டப்பட்ட மூவருமே அரசுக்கு உவப்பில்லாத தீர்ப்பின் பக்கம் நின்றவர்கள். மூவரும் பதவி விலகினர். செய்தி தெளிவாகவே சொல்லப்பட்டுவிட்டது: தலையாட்டினால் தலைமை, தலைநிமிர்ந்தால் தலைவாசல்! கன்னா அதே கட்டிடத்திலேதான் உட்கார்ந்திருந்தார். அந்தச் செய்தி அவர் காதில் விழாமலா இருந்திருக்கும்?

அடுத்து வந்தது 1975. ஜூன் 12 அன்று அலகாபாத் உயர்நீதிமன்றம் பிரதமர் இந்திரா காந்தியின் தேர்தல் செல்லாது என்றது. ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை பிறந்தது. விடிவதற்குள் தலைவர்கள் சிறையில், செய்தித்தாள்களுக்குத் தணிக்கை. ஜூன் 27 அன்று குடியரசுத் தலைவரின் ஆணை: உயிருக்கும் உரிமைக்கும் காவலான அடிப்படை உரிமைகளுக்காக எவரும் நீதிமன்றம் போகக் கூடாது! மிசா என்ற சட்டத்தின்கீழ் ஏறத்தாழ 35,000 பேர் அடைக்கப்பட்டனர் என்பது பின்னாளிலே ஷா விசாரணைக் குழு தந்த கணக்கு. அவர்களில் ஜனசங்கத்தார் இருந்தனர், சோசலிஸ்டுகள் இருந்தனர், மார்க்சிஸ்டுகள் இருந்தனர், நம் தமிழ்நாட்டுத் தோழர்களும் இருந்தனர். வெளியே இருந்தவரை ஒருவரையொருவர் வாட்டி வதைத்தவர்கள், உள்ளே ஒரே கொட்டடியிலே உட்கார்ந்திருந்தார்கள்.

அவர்களுக்காக உறவினர்களும் வழக்கறிஞர்களும் ஆட்கொணர் மனுப் போட்டனர். ஒன்பது உயர்நீதிமன்றங்கள் துணிந்து சொல்லின: அடிப்படை உரிமை நிறுத்தப்பட்டிருக்கலாம், ஆனால் பிடித்தது சட்டப்படிதானா, கெட்ட நோக்கமில்லையா என்று பார்க்கும் அதிகாரம் எமக்கு உண்டு. அப்படிச் சொன்னவர்க்கு என்ன கிடைத்தது? பத்திரிகையாளர் குல்தீப் நய்யார் வழக்கிலே அரசுக்கு எதிராகத் தீர்ப்பெழுதிய டில்லி நீதிபதிகள் இருவர். ஒருவர், ரங்கராஜன், கௌஹாத்திக்கு மாற்றப்பட்டார். மற்றவர், அகர்வால், பழைய மாவட்ட நீதிபதி வேலைக்கே திருப்பி அனுப்பப்பட்டார். அந்தத் தீர்ப்புகளை எதிர்த்து அரசு உச்ச நீதிமன்றம் ஏறிற்று. ஜபல்பூர் வழக்கறிஞர் சிவகாந்த் சுக்லாவின் வழக்கு முதற் பெயராக நின்றதால், ஜபல்பூர் வழக்கு என்று அதைச் சொல்வார்கள்.

இப்போது அந்த அவையைப் பாருங்கள். நடுவிலே தலைமை நீதிபதி ரே. அவருக்கு அடுத்த மூத்தவர் கன்னா. பிறகு பெக், சந்திரசூட், பகவதி. அரசுத் தரப்பிலே தலைமை வழக்கறிஞர் நிரேன் டே எழுந்து வாதிடுகிறார். கன்னா ஒரு கேள்வி கேட்கிறார். போலீஸ்காரன் ஒருவன், சொந்தப் பகை காரணமாக ஒரு மனிதனைக் கொன்றுவிட்டால், நெருக்கடிக் காலத்திலே அதற்கும் நீதிமன்றத்தில் வழி கிடையாதா என்று கேட்கிறார்.

சுற்றி வளைத்துத் தப்பியிருக்கலாம் நிரேன் டே. தப்பவில்லை. தம் வாதத்தின்படி, நெருக்கடி நிலை உள்ளவரையில் அதற்கும் வழியில்லை என்றார். கேட்போர் மனச்சாட்சி நடுங்கும், தம் மனச்சாட்சியும் நடுங்குகிறது, ஆயினும் சட்டம் அதுதான் என்ற பொருளிலே விடை சொன்னார்.

தோழர்களே! நான் நாடகமெழுதினால் வில்லனுக்குக்கூட அப்படியொரு வசனம் எழுதத் துணியமாட்டேன், மிகைப்படுத்தல் என்பீர்கள். ஆனால் அது நாட்டின் உச்ச நீதிமன்றத்திலே, நிறைந்த அவையிலே, நேர்நின்று சொல்லப்பட்ட விடை. பாண்டியன் அவையிலே கோவலன் கொலைக்குப் பொய்க் காரணமாவது ஒன்று இருந்தது. டில்லி அவையிலே காரணமே வேண்டாம் என்றார்கள்!

அந்த விடையைக் கேட்டபின்பும் நால்வர் அரசின் பக்கம் சாய்ந்தனர். நெருக்கடிக் காலத்திலே ஆட்கொணர் மனுப் போட எவர்க்கும் தகுதியில்லை என்றனர். அந்நால்வரில் ஒருவர், காவலிலிருப்போர்க்கு நல்ல உணவும் உறைவிடமும் தந்து அரசு காட்டும் பரிவு தாயின் பரிவை ஒத்தது என்ற கருத்தையும் எழுதிச் சேர்த்தார்.

தாயின் பரிவாம்! அந்தத் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்னர், 1976 ஜனவரி 31 அன்று, தமிழ்நாட்டிலே தி.மு.கழக ஆட்சி கலைக்கப்பட்டது. தோழர்கள் மிசாவிலே அள்ளப்பட்டனர். சென்னை மத்திய சிறையிலே அந்தக் கைதிகள் அடிக்கப்பட்டதைப் பின்னாளிலே நீதிபதி இஸ்மாயில் விசாரணைக் குழு ஆராய்ந்து வெளியிட்டது. அங்கே அடிபட்டவர்களில் ஒருவர் சென்னையின் முன்னாள் மேயர் சிட்டிபாபு. 1977 ஜனவரியிலே அவர் மறைந்தார். எந்தத் தாய் ஐயா தடிகொண்டு தாலாட்டுவாள்?

கேரளத்துக்குப் போவோம். கோழிக்கோட்டுப் பொறியியல் கல்லூரி மாணவர் ராஜன். 1976 மார்ச் 1 அன்று போலீசார் கொண்டுபோயினர். கக்கயம் முகாமிலே சித்திரவதைக்கு ஆளாகி மடிந்தார். உடல்கூடக் கிடைக்கவில்லை. தந்தை ஈச்சர வாரியர் வாசல் வாசலாக ஏறி இறங்கினார். ஆட்கொணர் மனுவோடு அவர் கேரள உயர்நீதிமன்றத்தை அடைந்தது எப்போது? 1977 மார்ச்சிலே, நெருக்கடி நிலை நீங்கிய பின்னர்! உண்மை வெளிவரத் தொடங்கியதும், முதலமைச்சராகியிருந்த கருணாகரன் பதவி விலக நேர்ந்தது. நிரேன் டேயிடம் கன்னா கேட்ட கேள்வி கற்பனைக் கேள்வியா, சொல்லுங்கள்! வழக்கு முடிந்து தீர்ப்பு வெளிவருமுன்பே, அந்தக் கேள்விக்கு ஒரு பிள்ளையின் உயிர் விடையாகிவிட்டது.

கன்னா என்ன எழுதினார்? அவர் மாறுபாட்டுத் தீர்ப்பின் உயிர்நாடியை எளிய தமிழிலே சொல்கிறேன். உயிரும் உரிமையும் அரசியல் சட்டம் அளித்த நன்கொடையல்ல. அரசியல் சட்டம் எழுதப்படுவதற்கு முன்பே, சட்டத்தின் ஆட்சி நடக்கும் எந்த நாட்டிலும், சட்டத்தின் ஆணையின்றி ஒருவன் உயிரையோ உரிமையையோ அரசு பறிக்க முடியாது. ஆகவே ஒரு பிரிவை நிறுத்தி வைத்ததாலே அந்த உரிமை ஆவியாகிவிடாது. விசாரணையின்றி அடைப்பது தனிமனித உரிமையை நேசிக்கும் எவர்க்கும் வெறுப்புக்குரியது. மாறுபட்ட தீர்ப்பு என்பது இன்றைய தவற்றை நாளைய நீதிமன்றம் திருத்தட்டும் என்று வருங்காலத்திடம் செய்யும் முறையீடு.

எரிகிற வீட்டுக்குக் கதவு தேவையில்லை என்று நால்வர் சொன்னார்கள். வீடு எரியும்போதுதானே கதவு வேண்டும் என்று கேட்டார் ஒருவர்!

அதன் விலை என்ன என்று அவர்க்குத் தெரியுமா? தெரியும். தெரிந்தே எழுதினார். இந்தத் தீர்ப்பு தமக்குத் தலைமை நீதிபதிப் பதவியை இல்லாமற் செய்துவிடும் என்று, அது வெளிவருமுன்பே உடன்பிறந்தாளிடம் கூறிவிட்டதாகத் தன்வரலாற்று நூலிலே அவர் குறித்திருக்கிறார். நம் நாட்டு ஏடுகள் தணிக்கையிலே கட்டுண்டு கிடந்த வேளையிலே, கடல் கடந்த நியூயார்க் டைம்ஸ் ஏடு, இந்தியாவிலே விடுதலை திரும்புமானால் இந்த நீதிபதிக்கு யாரேனும் நினைவுச் சின்னம் எழுப்புவார்கள் என்று தலையங்கம் தீட்டிற்று.

விலைச்சீட்டு 1977 ஜனவரியிலே வந்தது. ரே ஓய்வு பெற்றார். மரபுப்படி அடுத்தவர் கன்னா. அவரைத் தாண்டிப் பெக் தலைமை நீதிபதியாக்கப்பட்டார். கன்னாவின் பதவிக்காலம் அந்த ஆண்டு ஜூலையிலே முடிய இருந்தது. ஆக, அவர் இழந்தது ஐந்து மாதத் தலைமை! நீண்ட ஏணியின் கடைசிப் படியிலே ஐந்து மாதம் நிற்பதற்காக அந்தத் தீர்ப்பை வேறு மாதிரி எழுதியிருக்கலாம். எழுதியிருந்தால், தலைமை நீதிபதிகளின் பெயர்ப்பட்டியலிலே ஒரு வரியாக இருந்திருப்பார். யாரும் அவரைப் பற்றிப் பேச மேடை போட்டிருக்கமாட்டோம். பதவி விலகினார். மார்ச் 12 அன்று நீதிமன்றத்தை விட்டு வெளியேறினார். பத்தே நாளிலே, அவரைத் தாண்டிய ஆட்சியே வெளியேறிற்று!

புதிய ஆட்சியினர் ஓடிவந்தனர். நெருக்கடிக் காலக் கொடுமைகளை விசாரிக்கும் குழுவுக்குத் தலைமை ஏற்கச் சொல்லி அழைத்தனர். நாமாயிருந்தால் நழுவ விடுவோமா? நம்மைத் தாண்டியவர்களை நாமே கூண்டிலேற்றும் வாய்ப்பல்லவா! கன்னா மறுத்தார். பாதிக்கப்பட்டவனே நீதிபதியானால் நடுநிலை பற்றி ஐயம் எழும் என்று ஒதுங்கினார். சட்டக் குழுவின் தலைமையை மட்டும் ஏற்றார். 1979இலே சரண்சிங் அமைச்சரவையிலே சட்ட அமைச்சரானார். மூன்றே நாளிலே விலகினார். 1982இலே எதிர்க்கட்சிகளின் வேட்பாளராகக் குடியரசுத் தலைவர் தேர்தலிலே ஜெயில்சிங்கை எதிர்த்து நின்று தோற்றார். அரசியல் அவர்க்குப் பொருந்திய அங்கியன்று. 2008 பிப்ரவரி 25 அன்று, 95ஆம் வயதிலே மறைந்தார்.

இனி, உங்களிடம் ஒரு கேள்வி. கன்னாவின் தீர்ப்பு எத்தனை பேரை விடுதலை செய்தது? ஒருவரைக்கூட இல்லை! நால்வர் தீர்ப்புதான் சட்டமாயிற்று. கைதிகள் கைதிகளாகவே இருந்தனர். அவர்களுக்குக் கதவைத் திறந்தது 1977 மார்ச் தேர்தல். வடபுலத்து மக்கள் ஏந்திய வாக்குச்சீட்டு. பிறகு 1978இலே 44ஆவது திருத்தம் வந்தது. நெருக்கடிக் காலத்திலும் உயிர்க்கும் உரிமைக்குமான 21ஆம் பிரிவை நிறுத்தி வைக்க முடியாது என்று எழுதியாயிற்று. நால்வரில் ஒருவரான பகவதி, 2011இலே, தாம் அன்று செய்தது தவறு என்று வெளிப்படையாக வருந்தினார். 2017 ஆகஸ்டு 24 அன்று, ஒன்பது நீதிபதிகள் கூடி, ஜபல்பூர் தீர்ப்பு தவறு என்று அறிவித்து அதை வீழ்த்தினர். அந்தத் தீர்ப்பின் முதன்மையுரையை எழுதியவர் யார்? நால்வரில் ஒருவரான சந்திரசூட்டின் மகன், நீதிபதி டி. ஒய். சந்திரசூட்! தந்தை சாத்திய கதவை மகன் திறந்தார். நாற்பத்தொரு ஆண்டு பிடித்தது அதற்கு.

நாற்பத்தொரு ஆண்டு என்பது ஒரு தலைமுறைக்கும் மேலே. ராஜனின் தந்தை அதைக் காண உயிரோடில்லை. ஆகவே நீதிமன்றம் இருக்கிறது, நாம் உறங்கலாம் என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஐவரிலே நால்வர் தவறக்கூடும். வெளியே மக்கள் விழித்திருந்தால்தான் உள்ளே ஒருவரின் துணிவுக்கு நாளை உண்டு. அதேபோல, உள்ளே அந்த ஒருவர் எழுதி வைத்திராவிட்டால், பின்னாளிலே திரும்பி வர மக்களுக்கும் வழித்தடம் இருந்திராது. வாக்குச்சீட்டு ஆட்சியை மாற்றிற்று. அந்த மாறுபாட்டுத் தீர்ப்பு, எந்த இடத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதைக் காட்டிற்று.

இன்னொன்று சொல்லி முடிக்கிறேன். இது உங்களுக்கு இனிக்காமற் போகலாம். இருந்தும் சொல்ல வேண்டும். மிசா போயிற்று, விசாரணையின்றி அடைக்கும் சட்டங்கள் போய்விடவில்லை. 1980இலே தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1982இலே நம் மாநிலத்திலேயே குண்டர் சட்டம் வந்தது. ஆட்சிகள் மாறின, அந்தச் சட்டங்கள் மாறாமல் நின்றன. நம்மவனைப் பிடித்தால் அடக்குமுறை என்கிறோம். மாற்றானைப் பிடித்தால் அவனுக்கு வேண்டியதுதான் என்கிறோம். நெஞ்சைத் தொட்டுச் சொல்லுங்கள், சொல்வதில்லையா?

கன்னா அப்படிக் கேட்கவில்லை. அந்த வழக்குகளின் பின்னே இருந்தவர்கள் ஒரு கொள்கைக்காரர்களல்லர், ஒருவர்க்கொருவர் ஆகாதவர்கள். அவர்களில் எவர் கட்சியிலும் கன்னா இருந்தவரல்லர். உள்ளே இருப்பவன் யார் என்று அவர் பார்க்கவில்லை. எந்தச் சட்டப்படி உள்ளே இருக்கிறான் என்று மட்டும் பார்த்தார். நமக்கு மட்டும் திறக்கும் கதவு நீதியின் கதவாகாது; அது நம் வீட்டுக் கொல்லைக் கதவு. நமக்குப் பிடிக்காதவன், நம்மைப் பழிப்பவன், நாளை நம்மையே வீழ்த்த நினைப்பவன், அவன் மனைவி வந்து வாயிலிலே நின்று, என் கணவனை ஏன் பிடித்தாய் என்று கேட்டாலும், கதவு திறக்க வேண்டும். அவளுக்குத் திறந்தால்தான் நம் வீட்டுப் பெண் போய் நிற்கும் நாளிலும் திறக்கும்.

உச்ச நீதிமன்றத்தின் இரண்டாம் எண் அறையிலே கன்னாவின் உருவப்படம் மாட்டப்பட்டிருக்கிறது. அவர் உட்கார்ந்து நீதி வழங்கிய அறை அது. 2019 ஜனவரியிலே அவர் தம்பி மகன் சஞ்சீவ் கன்னா உச்ச நீதிமன்ற நீதிபதியானபோது, முதல் நாள் அந்த அறையிலேதான் அமர்ந்தார். 2024 நவம்பரிலே அவர் இந்தியாவின் தலைமை நீதிபதியானார். 2025 மே மாதம் ஓய்வு பெற்றார். பெரியப்பாவுக்கு மறுக்கப்பட்ட நாற்காலி அது. ஆனால் நாற்காலியிலே உட்கார்ந்தவர்கள் பலர். தலைமை நாற்காலியே இல்லாமல் சுவரிலே இடம்பெற்றவர் கன்னா.

அடுத்த முறை கண்ணகி நாடகம் பார்க்கும்போது, சிலம்பு உடைவதற்குக் கைதட்டுங்கள். வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முன்னே, கதவு திறக்கும் காட்சிக்கும் ஒரு முறை தட்டுங்கள்.